பவளத்தேர் வந்த பாதை



நாடகம் திரைப்படமாக மாறிய வரலாற்றை இன்று ஒரே ஒரு கதையைக் கொண்டு பார்ப்போம். அது நம் தோட்டத்துப் பெரியவர்கள் நன்கறிந்த பவளக்கொடியின் கதை.

மதுரையை ஆண்ட அல்லியரசாணிக்கும் அர்ச்சுனனுக்கும் பிறந்த மகன் புலந்திரன். விளையாடப் பவளத்தேர் வேண்டும் என்று அவன் அடம்பிடிக்கிறான். பவளம் தேடிக் கடல் கடந்து போன அர்ச்சுனன், அங்கே பவளக்கொடியைக் கண்டு காதல் கொண்டு மணம் முடிக்கிறான். வியாசரின் பாரதத்தில் இக்கதை இல்லை. தமிழ் மக்கள் தாமே கட்டி வளர்த்த கதை இது. புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கி, பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சேறியது. எழுத்தறிந்த ஒருவர் இராகத்தோடு படிக்க, சுற்றியிருந்த பத்துப் பேர் கேட்பார்கள்.

இதை மேடை நாடகமாக்கியவர்களுள் முதன்மையானவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). அந்நாளைய நாடகத்தில் பேச்சைவிடப் பாட்டே அதிகம். அதற்குத் தக்க காரணம் உண்டு. அன்று ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் பாய் விரித்து அமர்ந்திருப்பவருக்கும் காதில் விழ வேண்டுமானால், உச்சக் குரலில் பாடித்தான் ஆக வேண்டும். ஆகவே நன்றாகப் பாடத் தெரிந்தவரே நடிகரானார்.

அப்படிப் பாடிப் புகழ்பெற்றவர்கள்தாம் எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும். இவர்கள் மேடையில் நடித்த அதே பவளக்கொடி 1934இல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. பாகவதருக்கு அதுவே முதல் படம். இயக்குநருக்கும் அதுவே முதல் படம். பாட்டுகள் மட்டும் ஐம்பது! பின்னணிப் பாட்டு வராத காலமாதலால், நடிப்பவரே ஒலிவாங்கிக்கு முன் நின்று பாடினார்கள். அடையாற்றில் சூரிய வெளிச்சத்தில்தான் படப்பிடிப்பு. மேகம் மறைத்தால் வேலை நிற்கும். காக்கை கரைந்தால் பாட்டுக் கெடும். 1949இல் டி.ஆர். மகாலிங்கமும் டி.ஆர். ராஜகுமாரியும் நடிக்க, இதே கதை மீண்டும் படமாக வந்தது.

இவ்வழக்கம் அமெரிக்காவிலும் உண்டு. பிலிப் பாரி என்பவர் எழுதிய 'பிலடெல்பியா ஸ்டோரி' என்னும் நாடகம் 1939இல் மேடையேறியது, 1940இல் படமாயிற்று. அதே கதைக்கு கோல் போர்ட்டரின் பாடல்களைச் சேர்த்து, 1956இல் 'ஹை சொசைட்டி' என்ற இசைப்படமாக எடுத்தார்கள். அங்கே பேச்சு நாடகம் பின்னால் பாட்டைப் பெற்றது. நம்மிடமோ பாட்டாகவே பிறந்த நாடகம், திரைக்குப் போன பிறகு மெல்ல மெல்லப் பாட்டைக் குறைத்துக்கொண்டு வசனத்தைக் கூட்டிக்கொண்டது. இரண்டிலிருந்தும் ஓர் உண்மை விளங்குகிறது. பழைய கதையைப் புதிய கருவியில் மறுபடி சொல்வது பஞ்சம் அன்று. கதை உயிரோடு இருப்பதற்கு அடையாளம்.

இனி நம் கெடாவுக்கு வருவோம். பினாங்கில் கப்பலிறங்கி, கூலிம், லூனாஸ், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர், இக்கதைகளையும் நெஞ்சில் சுமந்து வந்தார்கள். காலையில் பால் வெட்டிய கைகள் இரவில் அர்ச்சுனனின் வில்லைப் பிடித்தன. ஆண்களே பெண் வேடம் கட்டினார்கள். ஆர்மோனியம் தெரிந்த வாத்தியார் ஒருவர் மாதக்கணக்கில் ஒத்திகை நடத்துவார். மாரியம்மன் திருவிழாவில் நாடகம் விடிய விடிய நடக்கும். பிறகு தோட்டத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் போடும் வழக்கம் வந்தது. பாகவதரின் குரல் லயத்து வாசலுக்கே வந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் நம் மேடையில் விளக்கு ஒவ்வொன்றாக அணைந்தது.

பாகவதரின் படத்தைப் பற்றி ஏடுகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் தோட்டத்தில் அர்ச்சுனனாக நின்றவர் யார், பவளக்கொடியாகச் சேலை கட்டியவர் யார், பாட்டுச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் யார்? இதை யார் எழுதி வைத்தார்கள்? தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. குடும்பங்கள் இடம் பெயர்ந்தபோது, பாட்டெழுதிய நோட்டுப் புத்தகங்களும் பழைய பெட்டியோடு போய்விட்டன.

ஆகவே, பெற்றோரே, மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டில் வயதான தாத்தாவோ பாட்டியோ இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்த நாடகம், யாருக்கு என்ன வேடம் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நினைவிலுள்ள பாட்டைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அரை அடி மட்டுமே நினைவிருந்தாலும் போதும்.

மகன் கேட்ட தேருக்காக அர்ச்சுனன் கடல் கடந்து போனான். நாம் போக வேண்டிய தூரம் அடுத்த அறை வரைதான்.