சேர்க்கையும் நிறைவும்

ஆற்காட்டு இளவரசரின் அமீர் மஹாலும் புதுக்கல்லூரியும் இராயப்பேட்டையிலேயே அமைந்துள்ளன. முன்னது, 1855இல் முடிவுற்ற நவாபு ஆட்சிமரபின் எச்சம். பின்னது, அரசு இழந்த சமுதாயம் கல்வியால் நிமிர முயன்றதன் சான்று.

1882ஆம் ஆண்டின் ஹண்டர் கல்விக்குழு, முஸ்லிம்களுக்குத் தொடக்கப் பள்ளி முதல் கல்லூரி வரை படிப்படியான உதவித்தொகை வேண்டுமெனப் பரிந்துரைத்தது. சேர்ந்தவர் இடையில் நின்றுவிடுவதே உண்மையான இழப்பென அன்றே உணரப்பட்டிருந்தது. 1901இல் தோன்றிய தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம், அரை நூற்றாண்டு கடந்து, 1951இல் புதுக்கல்லூரியை நிறுவியது. 1955இல் நீதிபதி பஷீர் அஹமத் சயீதின் முயற்சியால் தேனாம்பேட்டையில் மகளிர் கல்லூரி எழுந்தது.

இவற்றின் பயன் சிறிதன்று. 2001 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 விழுக்காடு, மாநில அளவோ 73.5. நகர்வாழ்வும் மக்தபுகளும் இதற்குத் துணைநின்றன. எனினும் எழுத்தறிவு வேறு, பட்டம் வேறு. இந்திய முஸ்லிம்களில் இருபது வயது கடந்தோருள் பட்டமோ பட்டயமோ பெற்றவர் நான்கு விழுக்காட்டிற்கும் குறைவு என 2006இல் சச்சார் குழு காட்டிற்று. தமிழகத்தில் 2007இல் வந்த 3.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு கல்லூரி வாயிலைத் திறந்தது. ஆயினும் கடைக்கும் கடல்கடந்த வேலைக்கும் இளைஞரை இழுக்கும் குடும்பத் தேவையை ஒதுக்கீடு மட்டும் நீக்கிவிடாது.

எனவே நம் ஜமாஅத்துகள் எத்தனை பேரைச் சேர்த்தோம் என்பதோடு, எத்தனை பேர் முடித்தனர் என்பதையும் கணக்கெழுத வேண்டும். முதலாண்டுக் கட்டணத்தோடு நின்றுவிடும் உதவி பாதி உதவியே. இறுதியாண்டு வரை தொடர்வதே முழுமை பெறும்.