உயரும் கூரை: பழைய கேம்பர் ஒன்றை வாசித்தல்

1960 செப்டம்பரில், 58 வயதில், ஜான் ஸ்டைன்பெக் நியூயார்க் மாநிலத்தின் சாக் ஹார்பரிலிருந்து சார்லி என்னும் நாயுடன் புறப்பட்டார். அவர் ஓட்டிச் சென்றது ஒரு ஜிஎம்சி பிக்கப் டிரக். அதன் சரக்குத் தொட்டியின்மேல், சிறு படகொன்றின் உள்ளறையைப் போலக் கட்டப்பட்ட கேம்பர் ஏற்றப்பட்டிருந்தது. வண்டிக்கு அவர் இட்ட பெயர் ரோசினாந்தே. டான் கிஹோத்தேயின் குதிரையின் பெயர். (முன்பு வெறும் நோஞ்சான் குதிரை என்னும் கேலியைச் செர்வாண்டிஸ் அப்பெயருக்குள்ளேயே ஒளித்து வைத்திருக்கிறார். ஸ்டைன்பெக் அதைப் புத்தம்புது வண்டிக்குச் சூட்டினார். பழையது வாங்குகிறவர்களுக்குத்தான் அது உண்மையில் பொருந்தும்.) அப்பயணத்தைச் சொல்லும் 'டிராவல்ஸ் வித் சார்லி' 1962இல் வெளிவந்தது.

அரை நூற்றாண்டு கழித்து, 2010இல், பில் ஸ்டைகர்வால்ட் என்னும் பத்திரிகையாளர் அதே பாதையில் சென்று, நூல் சொல்வதைப் பிற சான்றுகளோடு ஒப்புநோக்கினார். தனிமையில் கேம்பருக்குள் கழிந்ததாக வாசகர்கள் நம்பிய இரவுகளில் பல விடுதிகளில் கழிந்தவை என்பதும், பயணத்தின் கணிசமான பகுதியில் மனைவி எலைன் உடனிருந்தார் என்பதும் தெரியவந்தன. 2012இல் வந்த பொன்விழாப் பதிப்பின் முன்னுரை, நூலைச் சொல்லுக்குச் சொல் நடந்ததாகக் கொள்ளவேண்டாம் என்று வாசகரை எச்சரிக்க நேர்ந்தது. நூலின் தகுதி இதனால் குறைந்துவிட்டதாக நாம் கருதவில்லை. ஆனால் சொந்தக்காரர் சொல்லும் கதை ஒன்றாகவும் வண்டி பட்ட பாடு வேறாகவும் இருக்கக்கூடும் என்பதைப் பழைய கேம்பர் தேடி அமெரிக்கச் சாலைகளில் அலைகிறவர்கள் மனத்தில் கொள்வது நலம். விற்பவர் பொய்யராக இருக்கவேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் அவருக்கே தெரிந்திராது.

ஸ்டைன்பெக்குடையது சுவர்கள் முழு உயரத்துக்கும் கெட்டியாக நின்ற வகை. கூரை மட்டும் உயர்ந்து தாழும் 'பாப்-அப்' வகையின் கதை வேறொரு சாலையில் தொடங்குகிறது. போர்க்காலத் தேவைக்காக 1942இல் சில மாதங்களுக்குள் வெட்டப்பட்ட அலாஸ்கா நெடுஞ்சாலை, 1948இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. சரளையும் சேறும் குழிகளுமான அந்த நெடுந்தொலைவில் உயரமான பெட்டியைச் சுமந்து செல்லும் டிரக் காற்றில் தள்ளாடும், வளைவில் சாயும். 1950களில் டான் ஹால் என்பவர் உருவாக்கிய அலாஸ்கன் கேம்பர் இதற்கு ஒரு விடை கண்டது. தீப்பெட்டியின் உறையைப் போல மேற்பாதி கீழ்ப்பாதியின்மேல் கவிந்து இறங்கும். நிறுத்திய இடத்தில் ஹைட்ராலிக் விசையால் எழும்பும். இரு பாதிகளும் கெட்டிச் சுவர்களே. உயரம் குறைந்தது, எடை அதிகம் குறையவில்லை.

எடையைக் குறைத்தது துணி. 1972இல் தொடங்கிய 'ஃபோர் வீல் கேம்பர்ஸ்' நிறுவனம், பற்றவைத்த அலுமினியச் சட்டத்தின்மேல் கையால் தள்ளி உயர்த்தும் கூரையையும், அதற்கும் உடலுக்குமிடையே மடியும் துணிச்சுவரையும் வைத்தது. மறு ஆண்டு அக்டோபரில் எண்ணெய்த் தடை வந்தது. 1974 தொடக்கத்தில் அமெரிக்கா முழுவதற்கும் மணிக்கு 55 மைல் என்னும் வேக வரம்பு விதிக்கப்பட்டது. பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் காற்றைக் கிழிக்காமல் பதுங்கிச் செல்லும் கேம்பருக்கு மதிப்பு இருந்ததில் வியப்பில்லை.

ஆக, பாப்-அப் என்பது ஓர் உடன்படிக்கை. கெட்டிச் சுவரை விட்டுக்கொடுத்து இலேசான உடலைப் பெறுகிறோம். விட்டுக்கொடுத்ததற்கான விலை பல ஆண்டுகள் கழித்து, பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது உரிமையாளரிடமிருந்து வசூலிக்கப்படுகிறது, வசூலிப்பது தண்ணீர்.

எனவே முதலில் மூக்கைத்தான் பயன்படுத்தவேண்டும். மூடியே கிடந்த கேம்பரின் கதவைத் திறந்தவுடன் வரும் புழுக்க நாற்றம், புதுச் சாயமும் வாசனைத் தெளிப்பும் மறைக்க முயலும் ஒரு வரலாறு. அடுத்து, டிரக் ஓட்டுநரின் தலைக்குமேல் நீண்டிருக்கும் படுக்கைப் பகுதி. நெடுஞ்சாலை வேகத்தில் மழை நேராக மோதுவது அதன் முன்விளிம்பில்தான். மெத்தையை எடுத்துவிட்டு, மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கவேண்டும். பலகை அமுங்கினால், கருத்திருந்தால், திருகாணித் தலைகளில் துரு பூத்திருந்தால், உள்ளே நெடுநாளாக நீர் குடியிருக்கிறது என்று பொருள். கூரையின் இணைப்புகளில் சிலிகான் பசையை அள்ளிப் பூசியிருப்பதையும் ஐயத்தோடு பார்க்கவேண்டும். ஓட்டையைத் தேடிக் கண்டுபிடிக்காதவர்தான் எங்கும் பூசுகிறார். தவிர, பழைய சிலிகானின்மேல் புதிய சீலன்ட் சரியாக ஒட்டாது.

துணிச்சுவரைச் சோதிக்க எளிய வழியொன்று உண்டு. நண்பகலில் கூரையை உயர்த்தி, உள்ளே நின்று, கதவையும் திரைகளையும் மூடிக்கொண்டு நிமிர்ந்து பார்க்கவேண்டும். மடிப்பு விழும் இடங்களில், அதிலும் மூலைகளில், நூல் நைந்திருந்தால் ஒளி புள்ளி புள்ளியாகத் தெரியும். ஈரத்தோடு மடித்து வைக்கப்பட்ட துணியில் கரும்புள்ளிகளாகப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். அது எளிதில் போகாது. ஜிப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கவேண்டும். கூரையை உயர்த்தித் தாழ்த்துவதை விற்பவர் செய்து காட்டட்டும். பிறகு நாமே செய்யவேண்டும். முன்னவர் கூரைமேல் சூரியத்தகடும் படகும் ஏற்றியிருந்தால் கீல்கள் தளர்ந்திருக்கும், கூரை நடுவில் தொய்ந்திருக்கும்.

மரச்சட்டமா அலுமினியச் சட்டமா என்ற விவாதம் இந்த உலகில் சைவ வைணவச் சண்டைக்கு நிகரானது. மரம் உளுத்துப்போகும், ஆனால் வீட்டுக் கொல்லையிலேயே மாற்றிவிடலாம். அலுமினியம் உளுக்காது; ஆனால் கரடுமுரடான பாதைகளில் முறுக்குண்டு பற்றவைத்த இடங்களில் விரியலாம். இரண்டிலும் பார்க்கவேண்டியது ஜாக்கிகள் பொருந்தும் நான்கு மூலைகளை. கேம்பரை டிரக்கிலிருந்து இறக்கும்போது மொத்த எடையும் அந்த நான்கு இடங்களில்தான் நிற்கிறது. அங்கே மரம் நைந்திருந்தால் கேம்பர் ஒருநாள் ஆளின்மேலேயே சாயக்கூடும். டிரக்கிலிருந்து இறக்கிக் காட்ட மறுப்பவரிடம் வாங்காமலிருப்பதே நல்லது.

குளிர்பெட்டியின் வரலாறு சுவையானது. எரிவாயுச் சுடரைக் கொண்டு குளிரூட்டும், அசையும் உறுப்பு எதுவுமற்ற உறிஞ்சுவகைக் குளிர்பெட்டியை 1922இல் வடிவமைத்தவர்கள் பால்ட்சார் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்னும் இரண்டு ஸ்வீடிஷ் மாணவர்கள். ஐன்ஸ்டீனும் சிலார்டும்கூடப் பின்னர் இத்துறையில் கைவைத்தார்கள். பழைய கேம்பர்கள் பலவற்றில் இருப்பது அந்த மாணவர்களின் வழிவந்த பெட்டியே. அதனுள் திரவங்கள் தம் எடையாலேயே வழிந்தோடவேண்டும். ஆகவே சரிவான இடத்தில் நெடுநேரம் இயக்கினால் அது கெடும். பின்புறக் குழாய்களில் மஞ்சள் நிறப் பொடி படிந்திருந்தால், அல்லது அம்மோனியா நெடி வந்தால், உட்குழாய் உடைந்துவிட்டது. பொடி குரோமேட் உப்பு, நச்சு, கையால் தொடவேண்டாம். புரொப்பேன் குழாய்களுக்கு அழுத்தச் சோதனை செய்யாமல் அடுப்பையும் பற்றவைக்கவேண்டாம். கசிவை அறிவிக்கும் கருவிக்கும் ஆயுள் உண்டு. அதன் பின்புறத்தில் தேதி இருக்கும்.

கடைசியில் எடை. டிரக் எவ்வளவு தாங்கும், கேம்பர் எவ்வளவு கனக்கும், ஈர்ப்பு மையம் எங்கே விழவேண்டும் என்பதைத் தயாரிப்பாளர்கள் எழுத்தில் தரவேண்டும் என்னும் கூட்டரசு விதி 1970களில் வந்தது. பயணங்களில் வண்டிகளே சுமை தாங்காமல் திணறியதைப் பார்த்த பின்னர் வந்த விதி அது. ஆயினும் கேம்பரில் ஒட்டியிருக்கும் எண் தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் எண். பின்னர் சேர்ந்த பேட்டரி, நிழற்கூரை, கூடுதல் அலமாரி, மரத்தில் ஊறிய நீர் எதுவும் அதில் இல்லை. தொட்டியில் 75 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் அதுவே 75 கிலோ. டிரக் எவ்வளவு சுமக்கலாம் என்பது ஓட்டுநர் கதவுநிலையில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ளது. அதில் ஆட்களின் எடையும் அடக்கம். டயரின் பக்கச்சுவரில் டாட் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்: 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். கனரக வண்டிகள் நிற்கும் எடைமேடைக்குக் கேம்பரோடு டிரக்கை ஓட்டிச் சென்று, தொட்டி நிரம்பிய நிலையில், முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்த பிறகு விலை பேசலாம்.