பூட்டிய அறையும் கூடவே வந்த வரைபடமும்

நெய்வேலியிலிருந்து சிதம்பரம் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். ஆருத்ரா தரிசனத்துக்கு ஒரு தடவையாவது போகாதவர்கள் நம்மில் குறைவு. அந்தக் கோயிலில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்ததாகத் திருமுறைகண்ட புராணம் சொல்லும் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் இன்றைய விஷயத்துக்கு அது தேவைப்படுகிறது.

தேவார ஏடுகள் எங்கே என்று சோழ மன்னன் தேடினான். நம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துத் திருநாரையூரைச் சேர்ந்த நம்பியாண்டார் நம்பி, அவை தில்லைக் கோயிலில் ஓர் அறைக்குள் இருப்பதாகச் சொன்னார். பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் அறையைத் திறப்போம் என்றார்கள் தீட்சிதர்கள். மூவரும் காலமாகி நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. மன்னன் மூவரின் திருவுருவங்களையும் ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்தினான். கதவு திறந்தது. உள்ளே ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்தது. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து எடுத்ததில் தேறியது கொஞ்சம். இன்று நம் கையில் இருப்பது ஏறக்குறைய 800 பதிகங்கள். போனது எவ்வளவு என்று கணக்குச் சொல்ல ஆளில்லை.

புராணத்தை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதைச் சொன்னவருக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஏட்டை யாரும் திருடவில்லை, எரிக்கவில்லை. பத்திரமாகப் பூட்டித்தான் வைத்திருந்தார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓர் ஓலைச்சுவடி சில நூறு ஆண்டு தாங்கினால் அதிகம். அதற்குள் யாராவது உட்கார்ந்து புது ஓலையில் படி எடுக்க வேண்டும். அறையைப் பூட்டியபோது படி எடுக்கும் வேலையும் நின்றுபோனது. மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொண்டது.

உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்தபோதும் இதே கதைதான். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் போட்டுவிட்டதாகக் கேட்டு அவர் துடித்ததை 'என் சரித்திரம்' படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். அவர் 1887-ல் சீவக சிந்தாமணியையும், 1894-ல் புறநானூற்றையும் அச்சேற்றினார். அச்சு என்ன செய்தது? ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கான படிகளைப் பல ஊர்களுக்கு அனுப்பிவைத்தது. பத்து வீட்டில் கறையான் அரித்தாலும் பதினோராவது வீட்டில் ஒன்று இருக்கும்.

ஒரே இடத்தில் ஒரே படி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் காலத்திலேயே சாட்சி உண்டு. 1981 மே 31 நள்ளிரவு யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. அச்சுப் புத்தகங்களில் பலவற்றுக்கு வேறெங்காவது இன்னொரு படி கிடைத்திருக்கலாம். அங்கே மட்டுமே இருந்த ஏடுகளுக்கு மறுபிறப்பு இல்லை.

சரி, இதெல்லாம் பழைய கதை, இப்போதுதான் கம்ப்யூட்டர் வந்துவிட்டதே என்பீர்கள். அங்கேதான் எனக்கு நம் நெய்வேலி நினைவுக்கு வருகிறது.

நம் ஊர்க் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. 1956 நவம்பர் 14-ல் நிறுவனம் பதிவானது. 1957 மே 20-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-ல் மின்சாரம். அனல்மின் நிலையத்துக்குச் சோவியத் நாடு உதவியது. மண் வெட்டும் ராட்சத சக்கர யந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. அந்த முதல் அனல்மின் நிலையம் 58 ஆண்டு ஓடி 2020-ல் நம்மைப் போலவே ஓய்வு பெற்றது.

வெளிநாட்டு யந்திரம் எப்படி இத்தனை ஆண்டு ஓடியது? டிராயிங் ஆபீஸிலும் வொர்க்‌ஷாப்பிலும் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் தெரியும். யந்திரத்தோடு கட்டுக் கட்டாக வரைபடங்களும் வந்தன. அளவெல்லாம் அதில் இருக்கும். எந்த உலோகம், எவ்வளவு கடினம், எத்தனை பல் என்று எழுதியிருக்கும். ஒரு கியர் போனால் கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வரைபடத்தைப் பார்த்து இங்கேயே செய்து மாட்டலாம். நம் மண்ணுக்குத் தகுந்தபடி கொஞ்சம் மாற்றியும் செய்யலாம். டிரேசிங்கைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அம்மோனியா பிரிண்ட் எடுத்துப் பிரிவு பிரிவாக அனுப்புவோம். பிரிண்ட் மங்கிப்போனால் இன்னொன்று எடுத்துக்கொள்வார்கள்.

பிற்காலத்தில் வேறு ஒரு அனுபவமும் உண்டு. ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி வந்தது. செய்த கம்பெனியின் பெயர் வேண்டாம். உள்ளே இருந்த கார்டு முழுவதும் பிசின் ஊற்றி மூடப்பட்டிருந்தது. சர்க்யூட் படம் கேட்டால் கொடுக்கமாட்டோம் என்றார்கள். சில ஆண்டு கழித்து அது பழுதானபோது, அந்த மாடலை நிறுத்திவிட்டோம், புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று கடிதம் வந்தது. எங்களிடம் திறமையான எலக்ட்ரீஷியன்கள் இருந்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

திறமூல மென்பொருள், கட்டற்ற மென்பொருள் என்று பிள்ளைகள் பேசுவதைக் கேட்டு, அது என்ன என்று என்னிடம் கேட்ட நண்பர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் இந்த இரண்டு அனுபவங்களும்தான். வரைபடத்தோடு வரும் மென்பொருள் ஒரு வகை. பிசின் ஊற்றி மூடிய மென்பொருள் இன்னொரு வகை. இலவசமா காசா என்பது இரண்டாவது கேள்வி.

இதைத் தொடங்கிவைத்தவருக்கும் ஒரு யந்திரத்தோடுதான் தகராறு. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் ஒரு பிரிண்டரில் அடிக்கடி காகிதம் சிக்கிக்கொண்டது. ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் அதன் நிரலைக் கேட்டார், நானே திருத்திக்கொள்கிறேன் என்றார். தர மறுத்துவிட்டார்கள். 1983-ல் அவர், எல்லோரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய மென்பொருளை எழுதப்போவதாக அறிவித்தார். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். இன்று உங்கள் ஆண்ட்ராய்டு செல்போனின் அடியில் ஓடுவதும் அந்த லினக்ஸ்தான்.

தமிழுக்கு இதில் என்ன வந்தது? 1990-களில் தமிழில் டைப் செய்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு எழுத்துரு வைத்திருந்தவரும் தனக்கென்று ஒரு ரகசிய வரிசை வைத்திருந்தார். ஒருவரிடம் 'க' இருக்கும் எண்ணில் இன்னொருவரிடம் 'ஞு' இருக்கும். ஒருவர் எழுத்துருவில் அடித்ததை அது இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும்.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், சுரங்கத்துக்காக எழுந்துபோன கிராமங்களின் நடவுப் பாட்டுகளையும் ஒப்பாரிகளையும் வயதான பெண்களிடம் கேட்டு எழுதிவைத்திருந்தார். 1996-ல் ஒரு டி.டி.பி. சென்டரில் கொடுத்து அடித்து, பிளாப்பியில் வாங்கி வைத்துக்கொண்டார். நோட்டு நைந்து போயிற்று. பாடிய பெண்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். பத்து ஆண்டு கழித்து பிளாப்பியைத் திறந்தால் ஒரே பூச்சி. அந்த எழுத்துருவை விற்றவர்கள் கடையை மூடிவிட்டிருந்தார்கள். பாட்டு உள்ளேதான் இருக்கிறது, சாவி இல்லை. தில்லை அறைதான் மறுபடியும்! நண்பரின் மகன், தன்னார்வலர்கள் எழுதி இணையத்தில் சும்மா கொடுத்திருந்த ஒரு மாற்றியைத் தேடிப் பிடித்து, பாதிக்கு மேல் மீட்டுக்கொடுத்தான். மீதி பிளாப்பியிலேயே கெட்டுப்போயிருந்தது.

அதே காலத்தில் ஒருவர் இந்த ஆபத்தை முன்பே கண்டு வேலையைத் தொடங்கியிருந்தார். முனைவர் கு. கல்யாணசுந்தரம், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சியாளர். 1998 பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' என்ற பெயரில் தமிழ் நூல்களை மின்னுருவாக்கும் பணியைத் தொடங்கினார். இதற்கு முன்னோடி உண்டு. அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் 1971-லேயே குட்டன்பர்க் திட்டத்தைத் தொடங்கி, எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும் எளிய எழுத்து வடிவில் நூல்களைக் கொடுத்துவந்தார்.

மதுரைத் திட்டத்தின் முதல் நூல் திருக்குறள். சம்பளம் கிடையாது. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து அடித்தார்கள். இன்னொருவர் பிழை பார்த்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், தலைப்பில் இருக்கும் குறிப்பை மட்டும் நீக்காமல் பகிருங்கள் என்றார்கள். இன்று நூற்றுக்கணக்கான நூல்கள் அங்கே இருக்கின்றன.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது வேறு ஒன்று. முதலில் அவர்கள் பயன்படுத்தியது கல்யாணசுந்தரமே உருவாக்கிய 'மயிலை' எழுத்துரு. பிறகு உலகெங்குமிருந்த தமிழ்க் கணினி ஆர்வலர்கள் கூடிப் பேசித் 'தகுதரம்' என்ற பொது வரிசையை உருவாக்கியபோது, நூல்களை அதற்கு மாற்றினார்கள். யூனிகோட் பரவியபோது மறுபடியும் மாற்றினார்கள். ஓலை நைவதற்குள் புது ஓலையில் எழுதிய நம் முன்னோர் செய்த அதே வேலை. வரிசை எது என்பது வெளிப்படையாக இருந்ததால்தான் அதைச் செய்ய முடிந்தது.

யூனிகோட் என்பது உலக மொழிகளின் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பொது எண். 1991-ல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. தமிழக அரசு 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, அதைத் தன் தரமாக ஏற்றது. இப்போது நீங்கள் வாட்ஸ்அப்பில் தமிழில் பேரனுக்கு அனுப்பும் ஆசீர்வாதம் அமெரிக்காவில் பூச்சியாகாமல் போய்ச் சேர்வது அதனால்தான்.

அரசாங்கம் செய்த நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். 1949-ல் பாரதியார் படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியது சென்னை அரசு. பிறகு எத்தனையோ ஆசிரியர்களின் நூல்கள் அப்படி ஆயின. அவற்றில் 2000-க்கும் மேற்பட்டவை 2016 வாக்கில் தமிழ் விக்கிமூலத்துக்கு வந்தன. படமாக இருந்த பக்கங்களை எழுத்தாக மாற்ற, கூகுளின் எழுத்துணரும் வசதியைப் பயன்படுத்தும் ஒரு கட்டற்ற நிரலை எழுதிக்கொடுத்தவர் த. சீனிவாசன். பிழை திருத்துவது இன்னும் கையால்தான் நடக்கிறது. ஈழத்திலும் 2005-ல் 'நூலகம்' என்ற திட்டம் தொடங்கி, புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் வரை வருடி ஆவணப்படுத்திவருகிறார்கள். நூலகம் எரிந்த நாட்டிலேயே அந்த வேலை எழுந்தது என்பதை நினைத்துப்பாருங்கள்.

கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் சாசுவதம் என்று நான் சொல்லவரவில்லை. ஹார்ட் டிஸ்க் ஓலையைவிடச் சீக்கிரம் சாகும். இணையதளம் நடத்த ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். தன்னார்வலர்களுக்கும் வயதாகிறது. வரைபடம் கையில் இருந்தாலும் அதைப் படிக்கத் தெரிந்த ஃபிட்டர் வேண்டும் அல்லவா? தேவாரத்தில் மிஞ்சியதைக் காப்பாற்றியது ஏடு மட்டும் இல்லை, தினமும் பாடிய ஓதுவார்களும்தான்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வு பெற்றால் நாம் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறோம். லாரியில் பீரோவும் கட்டிலும் ஏறுகின்றன. டைரியும், குறிப்பு நோட்டும், தொழிற்சங்க மலரும், பள்ளி ஆண்டு விழா மலரும் எடைக்குப் போகின்றன. மிச்சமிருந்ததில் எத்தனையோ 2011 டிசம்பர் 30 தானே புயலில் நனைந்து கூழாயின. நெய்வேலி வருவதற்கு முன் இங்கே இருந்த ஊர்களின் பெயரும், ஏரியும், கோயில் திருவிழாவும் தெரிந்தவர்கள் இப்போது விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். நிலக்கரி எவ்வளவு எடுத்தோம் என்று கணக்கு இருக்கும். மேலே இருந்த வாழ்க்கைக்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

அதனால் என் வயதுக்காரர்களிடம் நான் கேட்பது இதுதான். எடைக்குப் போடுமுன் ஒரு நாள் பொறுங்கள். நோட்டைப் பகலில் ஜன்னல் ஓரம் வைத்துப் பக்கம் பக்கமாகச் செல்போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள், பேரப்பிள்ளைகளுக்கு அரை மணி வேலை. அடிப்பதாக இருந்தால் யூனிகோடில் அடியுங்கள். புகைப்படத்தின் பின்னால் பெயரும் ஆண்டும் பென்சிலால் எழுதுங்கள். மூன்று படி எடுத்து மூன்று ஊரில் இருக்கும் மூன்று பேரிடம் கொடுங்கள். அவர்களில் ஒருவராவது உங்களைவிட முப்பது வயது இளையவராக இருக்கட்டும்.

எழுத வராது என்பவர்கள் பேசுங்கள், பதிவு செய்துகொள்ளலாம். நண்பர் மீட்ட பாட்டுகளில் ஒரு நடவுப் பாட்டு பாதியில் நிற்கிறது. மீதி அடிகள் தெரிந்தவர்கள் மந்தாரக்குப்பம் பக்கமோ விருத்தாசலம் பக்கமோ யாராவது இருந்தால் தெரிவியுங்கள். நானே வந்து எழுதிக்கொள்கிறேன்.