விலைக்குப் போன பிளாஸ்மா

1998 ஜனவரிக்கு முன்பு இந்தியாவில் இரத்தம் விற்பது ஒரு பிழைப்பாகவே இருந்தது. பெரிய மருத்துவமனைகளின் வாசலில் தரகர்கள் நிற்பார்கள். கூலி வேலை கிடைக்காதவர்கள் அவர்களை நம்பி வருவார்கள். முழு இரத்தம் கொடுத்தவர் மீண்டும் கொடுக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிளாஸ்மா விற்பனைக்கு அந்தத் தடை இல்லை. எடுத்த இரத்தத்தில் மஞ்சள் நீர்ப்பகுதியை மட்டும் பிரித்துக்கொண்டு சிவப்பணுக்களை உடலுக்கே திருப்பி ஏற்றிவிட்டால் சோகை வராது. சில நாட்களிலேயே அதே ஆள் மறுபடி வரலாம். அல்புமின், இம்யூனோகுளோபுலின் போன்ற மருந்துகளின் தயாரிப்புக்கு இந்தப் பிளாஸ்மாவே மூலப்பொருளாக இருந்தது.

திருப்பி ஏற்றும் கட்டத்தில்தான் ஆபத்து இருந்தது. ஒருவரால் மாசுபட்ட குழாயோ கருவியோ அடுத்தவரின் இரத்தத்தை நேரே தொடும். சீனாவின் ஹெனான் மாகாணத்தில் 1990களில் இன்னும் மோசம்: பலருடைய இரத்தத்தை ஒன்றாகக் கலந்து பிரித்து, சிவப்பணுக்களைப் பங்கிட்டு ஏற்றினார்கள். கிராமம் கிராமமாக எச்.ஐ.வி. பரவியது.

இந்தியாவில் எச்.ஐ.வி. 1986இல் சென்னையில், சுனீதி சாலமன் குழுவினரின் ஆய்வில் முதன்முதலாகத் தெரியவந்தது. 1989இல் புனேயில் பிளாஸ்மா விற்றவர்களிடையே அது கொத்தாகப் பரவியிருந்தது வெளிப்பட்டது. இரத்த வங்கிகளில் எச்.ஐ.வி. சோதனை கட்டாயமானதும் அதே ஆண்டுதான். ஹெபடைட்டிஸ் சி வைரஸ் கலிபோர்னியாவில் அடையாளம் காணப்பட்டதும் 1989இல்தான். 1995இல் வெளியான ஆய்வொன்று, மேற்கிந்தியப் பிளாஸ்மா விற்பனையாளர்களில் பெரும்பான்மையோரிடம் இந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள் இருந்ததைக் காட்டியது. இருந்தும் இதற்கான சோதனை இந்தியாவில் கட்டாயமாக 2001 வரை ஆனது. சோதனை முறை கைக்கு வந்த பிறகும் பத்தாண்டுகளுக்கு மேல் போனதற்கு நல்ல சமாதானம் எதுவும் சொல்ல முடியாது. 'காமன் காஸ்' அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்த பிறகே, 1998 ஜனவரியில், காசுக்கு இரத்தம் வாங்குவது தடைசெய்யப்பட்டது.

எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சி ஆகிய இரண்டு வைரஸும் ஒரே உடலில் சேரும்போது நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு ஓய்வே கிடைப்பதில்லை. எச்.ஐ.வி. குடல் சுவரில் உள்ள சிடி4 என்னும் எதிர்ப்பு அணுக்களை அழிக்கிறது. சுவர் பலவீனமாகி, பாக்டீரியாத் துணுக்குகள் இரத்தத்தில் கசிகின்றன. குடலிலிருந்து வரும் இரத்தத்தை வடிகட்டுவது கல்லீரல். ஹெபடைட்டிஸ் சி அதையே தழும்பாக்கிவிடுவதால் கசிவு உடலெங்கும் சுற்றுகிறது. மோனோசைட்டுகள் என்னும் வெள்ளையணுக்கள் தூண்டப்பட்டு சிடி14 புரதத்தை உதிர்க்கின்றன. சிடி8 என்னும் எதிர்ப்பு அணுக்களின் மேல் சிடி38, எச்.எல்.ஏ.-டி.ஆர். என்னும் தூண்டல் குறிகள் கூடுகின்றன. இடைவிடாது தூண்டப்பட்ட அணுக்கள் களைத்துச் செயலிழக்கின்றன. கல்லீரல் தழும்பும் இன்னும் வேகமாக முற்றுகிறது.

எச்.ஐ.வி. கூட்டு மருந்துகள் இந்தத் தூண்டலைக் குறைத்தாலும் முழுதும் அடக்குவதில்லை. 2013 முதல் சோஃபோஸ்புவிர் போன்ற மாத்திரைகள் ஹெபடைட்டிஸ் சியைச் சில மாதங்களில் குணப்படுத்துகின்றன. வைரஸ் போனதும் தூண்டல் குறிகள் இறங்குகின்றன. ஆனால் எல்லோருக்கும் அவை இயல்பு நிலைக்குத் திரும்புவதில்லை. கல்லீரல் ஏற்கெனவே சுருங்கிப்போனவர்களுக்குக் குணமான பிறகும் புற்றுநோய்க் கண்காணிப்பு தொடர வேண்டியிருக்கிறது.