சில்பரிக் குன்றின் புதையல்

இங்கிலாந்தின் தென்பகுதியில் வில்ட்ஷயர் என்னும் மாவட்டம் இருக்கிறது. அங்கே பிறக்கும் கென்னெட் என்ற சிற்றாறு கிழக்கு நோக்கி ஓடித் தேம்ஸ் ஆற்றில் கலக்கிறது. அந்த ஆற்றின் மேற்பகுதிப் பள்ளத்தாக்கில் கோதுமை வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் சிற்றூர்களையும் காணலாம். இவற்றுக்கு நடுவே, மேசைபோல் தட்டையான உச்சியுடன் ஒரு குன்று தனித்து நிற்கிறது. அதன் பெயர் சில்பரி.

இது இயற்கைக் குன்று அன்று. முழுவதும் மனிதர் கைகளால் எழுப்பப்பட்டது. உயரம் 30 மீட்டருக்கு மேல். அடிவாரத்தின் குறுக்களவு ஏறத்தாழ 160 மீட்டர். வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தில் ஐரோப்பாவில் மனிதர் எழுப்பிய மேடுகளில் இதுவே மிகப் பெரியது. இதில் உள்ள மண்ணும் கல்லும் சுமார் 2,48,000 கன மீட்டர் இருக்கும் என்று கணக்கிட்டுள்ளனர். ஒருவர் நாளொன்றுக்கு அரை கன மீட்டர் வெட்டிச் சுமந்து கொட்டுவார் என்று வைத்துக்கொள்வோம். 500 பேர் ஒரு நாளும் ஓயாமல் உழைத்தாலும் ஏறத்தாழ 1,000 நாட்கள் ஆகும்! இரும்புக் கருவிகளோ வண்டிகளோ இல்லாத காலத்தில் நடந்த வேலை இது. மான் கொம்பே அவர்களுக்குக் கடப்பாரை.

இந்தப் பள்ளத்தாக்கில் இதைவிடப் பழைய சின்னங்களும் உண்டு. குன்றுக்குத் தெற்கே, சுமார் 100 மீட்டர் நீளமுள்ள ஒரு மண்மேடும் அதன் ஒரு முனையில் கல் அறைகளும் உள்ளன. கி.மு. 3650-ஐ ஒட்டி இறந்தோரை வைத்த இடம் அது. வடக்கே ஏவ்பரி என்ற ஊரைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான சுற்றளவில் அகழியும் கரையும் அமைந்துள்ளன. உள்ளே பெரும் பாறைகளை வட்டமாக நட்டிருக்கிறார்கள். இந்த வட்டத்துக்குள்ளேயே ஊரின் ஒரு பகுதி இருக்கிறது.

அப்படியானால் சில்பரி மேடு எதற்காக? நெடுங்காலம் மக்கள் இக்கேள்விக்கு ஒரே விடையைத்தான் நம்பினார்கள். சில் என்ற அரசன் உள்ளே புதைக்கப்பட்டிருக்கிறான். அவனுடன் ஒரு பொற்குதிரையும் இருக்கிறது என்பது ஊரார் வழக்கு.

அந்த நம்பிக்கை சும்மா இருக்க விடுமா? 1776-இல் நார்தம்பர்லாந்து கோமகனும் கர்னல் டிராக்ஸ் என்பவரும் சுரங்கத் தொழிலாளர்களைக் கொண்டு உச்சியிலிருந்து அடிவரை கிணறுபோல் தோண்டினார்கள். அரசனும் அகப்படவில்லை, குதிரையும் அகப்படவில்லை. 1849-இல் மெரிவெதர் என்ற பாதிரியார் பக்கவாட்டில் சுரங்கம் குடைந்து நடுப்பகுதியை அடைந்தார். அவரும் கல்லறை எதையும் காணவில்லை. 1868-க்கு முந்திய ஆண்டில், அதாவது 1867-இல், ரோமானியர் அமைத்த சாலை குன்றுக்கு அடியில் செல்கிறதா என்று தோண்டிப் பார்த்தார்கள். சாலை அடியில் செல்லாமல் ஒதுங்கிச் செல்வது தெரிந்தது. ஆகவே, ரோமானியர் வருவதற்கு முன்பே குன்று அங்கே இருந்தது என்பது உறுதியாயிற்று. 1968 முதல் 1970 வரை ரிச்சர்ட் அட்கின்சன் மீண்டும் ஒரு சுரங்கம் வெட்டினார். பி.பி.சி. தொலைக்காட்சி அதை மக்களுக்குக் காட்டியது. அப்போதும் பொன் கிடைக்கவில்லை.

ஆனால் வேறொன்று கிடைத்தது. குன்றின் நடுவில் முதன்முதலில் குவித்த புல்மண் கட்டிகள் காற்றுப் புகாமல் அப்படியே இருந்தன. அவற்றில் புல்லும் பாசியும் பூச்சிகளின் உடற்பகுதிகளும் அழியாமல் இருந்தன. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தப் பள்ளத்தாக்கில் எந்தச் செடிகள் வளர்ந்தன, எந்தப் பூச்சிகள் திரிந்தன என்பதை அறிய இதைவிட நல்ல சான்று வேறு ஏது?

காலத்தைக் கணித்ததும் இத்தகைய எளிய பொருள்களைக் கொண்டுதான். உயிரோடு இருக்கும்வரை செடியும் விலங்கும் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கரியைத் தம் உடலில் சேர்த்துக்கொள்கின்றன. இறந்தபின் அது புதிதாகச் சேர்வதில்லை; இருப்பது சிதைந்து சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைகிறது. எஞ்சியிருப்பதை அளந்தால் வயது தெரிந்துவிடும். மான் கொம்புத் துண்டுகளையும் செடிகளின் எச்சங்களையும் இவ்வாறு ஆராய்ந்ததில், குன்று கி.மு. 2400-ஐ ஒட்டிய காலத்தது என்று தெரிந்தது. எகிப்தின் பெரிய பிரமிடுக்கு இது சற்று இளையது.

இதற்கிடையில் பழைய குழிகள் தம் விலையைக் கேட்டன. 2000-ஆம் ஆண்டு மே மாதம் குன்றின் உச்சி திடீரென உள்வாங்கிப் பத்து மீட்டருக்கும் ஆழமான பள்ளம் தோன்றியது. 1776-இல் தோண்டிய கிணற்றைச் சரியாக மூடாததே காரணம். பிற்காலச் சுரங்கங்களிலும் வெற்றிடங்கள் இருப்பது தெரியவந்தது. 2007-இல் பொறியாளர்களும் தொல்லியல் அறிஞர்களும் அட்கின்சனின் சுரங்கத்தைத் திறந்து உள்ளே சென்றார்கள். இம்முறை நோக்கம் புதையல் தேடுவது அன்று, காயத்தை ஆற்றுவது. சுண்ணாம்புக்கல்லைக் கொண்டு வெற்றிடங்களை இறுக நிரப்பி அடுத்த ஆண்டில் பணியை முடித்தார்கள்.

பணியின்போது சுரங்கச் சுவர்களை ஆராய்ந்ததில் ஒரு முக்கியச் செய்தி வெளிப்பட்டது. தொடக்கத்தில் அது ஓர் ஆள் உயரம்கூட இல்லாத சரளைக்கல் குவியல். அதன்மேல் மண்ணையும் புல்கட்டிகளையும், பின்பு அகழி வெட்டி எடுத்த சுண்ணாம்புக்கல்லையும் அடுத்தடுத்துக் கொட்டி மேட்டைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். சில தலைமுறையினர் சேர்ந்து செய்த வேலை அது. ஒருவேளை முடிந்துபோன மேட்டைவிட, கூடி மண் சுமந்த செயலே அவர்களுக்குப் பெரிதாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

தொல்சின்னம் ஒன்றைத் தோண்டுவது, தொட்டால் உதிரும் ஓலைச்சுவடியைப் புரட்டுவது போன்றது. படித்த ஏடு மறுபடி கிடைக்காது. பொற்குதிரையைத் தேடியவர்கள் எத்தனை ஏடுகளைப் படிக்காமலே உதிர்த்தார்களோ! இன்று சில்பரிக் குன்றின்மேல் பொதுமக்கள் ஏறுவதற்கு அனுமதி இல்லை. அடிவாரத்தில் நின்று பார்க்கலாம். பொன்னைத் தேடியவர்கள் ஒதுக்கித் தள்ளிய புல்லும் பாசியுமே அங்கிருந்த உண்மையான புதையல். அதன் பெரும்பகுதி இன்னும் குன்றுக்குள்ளே பத்திரமாக இருக்கிறது.