பிஷ்கர், பாஸ்கர்: ஒரு தேசிய அணிப் பட்டியலின் வரலாறு

கொல்கத்தாக் கால்பந்து ரசிகர்களின் நினைவில் அவர் பெயர் மஜீத் பாஸ்கர். ஈரானியப் பதிவுகளில் மஜீத் பிஷ்கர். பாரசீகப் பெயரொன்று இந்தியக் காதுக்குப் பழக்கமான சூரியனின் பெயராக மாறிய இந்தத் திரிபை மொழியியலில் பல இடங்களில் காணலாம். அறியாத ஒலியைக் கேட்கும் சமூகம் தான் அறிந்த சொல்லொன்றின் அச்சில் அதை வார்த்துக்கொள்கிறது. ஆனால் இந்த மாற்றம் பெயரோடு நிற்கவில்லை. பிஷ்கர் என்ற பெயரில் இருந்தவர் ஈரானின் 1978 உலகக் கோப்பைப் பட்டியலில் இடம்பெற்ற இளம் முன்கள வீரர். பாஸ்கர் என்ற பெயரில் இருந்தவர் 1980க்குப் பின் கொல்கத்தாவை ஆட்டிவைத்த 'மைதானத்தின் பாதுஷா'. முதலாமவரின் கதை எங்கே நின்றுபோனது என்ற கேள்வியைக் கொல்கத்தா பெரும்பாலும் கேட்டதில்லை. ஈரானும் நெடுங்காலம் கேட்கவில்லை.

வங்கத்தில் வழங்கும் கதை எளிமையானது. பேராற்றல் கொண்ட ஒருவர் வந்தார், இரண்டு பருவங்கள் ஒளிர்ந்தார், பிறகு களத்துக்கு வெளியே தம்மைத் தாமே அழித்துக்கொண்டார். மேதை தன் கையாலேயே கெடும் இந்தக் கதைவடிவம் எல்லா ஊர்களிலும் விரும்பிச் சொல்லப்படுவது. அதில் பொய் இல்லை. ஆனால் ஒரு விளையாட்டு வீரரின் வளர்ச்சி அவர் காலில் மட்டும் இருப்பதில்லை. ஊர், கழகம், லீக், தேர்வாளர், போட்டி அட்டவணை என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட அமைப்பின் உச்சியில்தான் தேசிய அணிப் பட்டியல் இருக்கிறது. மஜீதின் காலத்தில் இந்த அடுக்குகள் ஏறத்தாழ அனைத்தும் நான்கைந்து ஆண்டுகளுக்குள் சரிந்தன.

அடித்தளத்தில் இருந்தது கொர்ரம்ஷஹர். காரூன் ஆறு ஷத்தல் அரபுடன் கலக்கும் இடத்தில் அமைந்த துறைமுக நகரம் அது. பக்கத்தில் அபாதான், அங்கே ஆங்கிலேயர் எழுப்பிய பெரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. ஈரானுக்குள் கால்பந்து புகுந்த வாயில்களில் ஒன்று இந்தத் தென்மேற்குக் கூஸிஸ்தான் மாகாணம். ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் துறைமுகத்தின் வெற்றிடங்களிலும் வளர்ந்த ஆட்டத்துக்குத் தெஹ்ரானின் ஆட்டத்திலிருந்து வேறான சாயல் உண்டு என்று ஈரானியர் இன்றும் பெருமை பேசுவர். அபாதான் ரசிகர்கள் தங்கள் ஊரைப் பிரேசிலோடு ஒப்பிடுவது அங்கே பாதி வேடிக்கை, பாதி நம்பிக்கை.

1978இல் பயிற்சியாளர் ஹெஷ்மத் மொஹாஜெரானி அர்ஜென்டினாவுக்கு அழைத்துச் சென்ற 22 பேரில் கொர்ரம்ஷஹரின் ரஸ்தாகீஸ் கழகத்தைச் சேர்ந்த மஜீதும் ஒருவர். (ரஸ்தாகீஸ் என்றால் உயிர்த்தெழுதல். 1975இல் ஷா நிறுவிய ஒற்றைக் கட்சியின் பெயரும் அதுவே. அக்காலத்தில் கழகப் பெயர்கள்கூட அரசியல் காற்றுக்குத் தப்பவில்லை.) ஈரான் கலந்துகொண்ட முதல் உலகக் கோப்பை அது. நெதர்லாந்திடம் 0-3, பெருவிடம் 1-4 என்று தோற்று, இடையே ஸ்காட்லாந்துடன் 1-1 எனச் சமன் செய்தது. மூன்று ஆட்டங்களிலும் மஜீத் களமிறங்கவில்லை. தலைநகரின் பெரிய கழகங்களைச் சேராத இளைஞர் ஒருவர் அந்தப் பட்டியலில் இடம்பெற்றதே அன்று பெரிய செய்தி. அடுத்த முறை ஆடுவார் என்பது இயல்பான எதிர்பார்ப்பு.

பட்டியலைப் பற்றிப் பாரசீகம் பேசும் விதம் கவனிக்கத்தக்கது. தேசிய அணிக்கு ஒருவர் 'தேர்ந்தெடுக்கப்படுவதை' விட 'தாவத்' பெறுவதாகச் சொல்வதே வழக்கம். தாவத் என்றால் அழைப்பு, விருந்துக்கு அழைப்பதற்கும் அதே சொல். அணிந்தவர் 'மெல்லி-பூஷ்', தேசத்தை உடுத்தவர். நீக்கப்பட்டவரோ 'கத் கோர்த்', சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'கோடு தின்றார்'. பெயரின்மேல் கோடு விழுவதைத் தின்பதாகச் சொல்லும் இந்த அமைப்பு, இந்தியில் அடிபடுவதை 'மார் கானா' என்று சொல்வதன் நெருங்கிய உறவு. தமிழன் அடியை வாங்குகிறான், அவர்கள் தின்கிறார்கள். மஜீதின் கதையில் வியப்பு என்னவென்றால், அவர் பெயரின்மேல் யாரும் கோடு கிழித்ததாகத் தெரியவில்லை. அழைப்பு வருவது மட்டும் நின்றுபோனது.

கோடு கிழிக்கப்படுவதும் தாமே விலகுவதும் அந்தப் பட்டியலுக்குப் புதியவை அல்ல. 1968, 1972, 1976 ஆகிய மூன்று ஆசியக் கோப்பைகளையும் வென்ற அணிகளில் இருந்தவர் பர்வீஸ் கெலீச்கானி. 1968இல் தெஹ்ரானில் இஸ்ரேலுக்கு எதிராக வெற்றிக் கோலை அடித்தவரும் அவரே. ஷாவின் ரகசியக் காவல்துறையால் ஒருமுறை கைதுசெய்யப்பட்ட அவர், 1978இல் அமெரிக்காவில் ஆடிக்கொண்டிருந்தார். ஆட்சியை எதிர்த்து உலகக் கோப்பைக்குச் செல்ல மறுத்தார். புகழ்பெற்ற ஒருவரின் மறுப்பு வரலாறாகிறது. புகழ் வருமுன்பே பாதை மறைந்துபோன ஒருவருக்கு மறுக்கும் வாய்ப்பும் கிட்டுவதில்லை.

1970களில் இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஈரானிய மாணவர்கள் பெருந்தொகையில் இருந்தனர். புணே, பெங்களூரு, அலிகர் வளாகங்களில் அவர்களைக் காணாத துறையே இல்லை எனலாம். அந்தப் பத்தாண்டின் இறுதியில் மஜீதும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அதே கொர்ரம்ஷஹரின் ஜம்ஷீத் நஸீரியும், மஹ்மூத் கபாஸியும் உடனிருந்தனர். 1979 பிப்ரவரியில் புரட்சி வென்றது. தக்தே ஜம்ஷீத் கோப்பை என்ற பெயரில் 1973 முதல் நடந்துவந்த தேசிய லீக் நின்றது. அதற்கு இணையான தேசிய லீக் மீண்டும் நிலைபெறப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது.

1980இல் ஈஸ்ட் பெங்கால் நெருக்கடியில் இருந்தது. முன்னணி வீரர்கள் பலர் கழகம் மாறிவிட்டனர். பயிற்சியாளர் பி. கே. பானர்ஜியின் அணிக்கு அலிகரிலிருந்து வந்த இந்த மாணவர்கள் ஊன்றுகோலாயினர். அந்த ஆண்டு ஃபெடரேஷன் கோப்பையை மோகன் பகானுடனும் ரோவர்ஸ் கோப்பையை முகமதன் ஸ்போர்ட்டிங்குடனும் ஈஸ்ட் பெங்கால் பகிர்ந்துகொண்டது. பந்தைக் காலில் ஒட்டவைத்தாற்போல் ஓடி, எதிரணி நகருமுன் இடைவெளியைக் கண்டு பந்தை அனுப்பும் அந்த ஆட்டத்தை நேரில் கண்டவர்கள் இன்றும் விவரித்து ஓய்வதில்லை. இந்தியாவில் ஆடிய வெளிநாட்டவருள் அவரே தலைசிறந்தவர் என்று துணிந்து சொல்பவர் பலர். 'பாதுஷா', 'மைதானம்' ஆகிய இரண்டும் பாரசீகத்திலிருந்து இந்திய மொழிகளுக்கு வந்த சொற்கள். கடனாகப் பெற்ற சொற்களாலேயே ஒரு பாரசீகருக்குப் பட்டம் சூட்டியது கொல்கத்தா. தமிழுக்கு அவற்றுள் ஒன்று விளையாடுமிடமாகவும் மற்றொன்று மன்னனாகவும் வந்தன. மன்னன் பிறகு இனிப்புக் கடையிலும் இடம்பிடித்தான்.

அதே 1980 செப்டம்பரில் குவைத்தில் ஆசியக் கோப்பை நடந்தது. ஈரான் பங்கேற்றது. போட்டி நடந்துகொண்டிருந்தபோதே, செப்டம்பர் 22 அன்று, ஈராக் படையெடுத்தது. நாட்டில் போர் மூண்ட செய்தியோடு ஆடிய அந்த அணி மூன்றாமிடம் பெற்றது. 1978 பட்டியலில் மஜீதோடு இருந்த முன்கள வீரர் பெஹ்தாஷ் ஃபரீபா 7 கோல்களுடன் தொடரின் அதிக கோல் அடித்தவர்களுள் ஒருவரானார். இந்தச் செய்தி இங்கே முக்கியம். 1978இன் இளைய முன்களத்தினருக்கு 1980இல் தேசிய அணியில் இடம் இருந்தது. உள்நாட்டில் கண்ணில் பட்டவருக்கு அது கிடைத்தது. ஆகவே பழி முழுவதையும் போர்மீது போடுவது பொருந்தாது. வெளிநாட்டில் ஆடுவோரை இன்றைய ஈரானியப் பத்திரிகைகள் 'லெஷியோனேர்' என்று பிரெஞ்சுச் சொல்லால் கொண்டாடுகின்றன. அன்று வெளியே போனவர் பெரும்பாலும் கணக்கிலிருந்தும் போனார். 1979இல் நியூயார்க் காஸ்மாஸுக்குச் சென்ற ஆந்த்ரானிக் எஸ்கந்தரியானின் தேசிய அணி வாழ்வும் அத்துடன் முடிந்தது. காஸ்மாஸுக்குப் போனவரையே திரும்ப அழைக்காத அமைப்பு, கொல்கத்தா லீக்கை எட்டிப் பார்த்திருக்கும் என்று நம்புவது கடினம்.

கொர்ரம்ஷஹர் 34 நாள் தெருச்சண்டைக்குப் பின் அக்டோபர் இறுதியில் வீழ்ந்தது. அந்த ஊரின் பெயருக்கு மகிழ்ச்சி நகரம் என்று பொருள். போரின்போது ஈரானியர் அதைக் கூனீன்ஷஹர், குருதி நகரம் என்று மாற்றி அழைத்தனர். 1982 மே 24 அன்று நகரம் மீட்கப்பட்டது. ஆனால் மீட்கப்பட்டது இடிபாடு. 1976 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1,46,000 பேர் வாழ்ந்த ஊருக்கு 1986 கணக்கெடுப்பில் மக்கள்தொகை பூஜ்யம். ஆட்டக்காரர் ஒருவருக்குச் சொந்த ஊர் என்பது அவரை நினைவில் வைத்திருக்கும் மனிதர்கள்: உள்ளூர்ப் பயிற்சியாளர், கழகச் செயலர், மாகாண நிருபர், 'எங்கள் பையனை ஏன் அழைக்கவில்லை' என்று கேட்கும் தேநீர்க்கடைக் கூட்டம். மஜீதின் பெயரைத் தெஹ்ரானிடம் எடுத்துச் சொல்லியிருக்கக்கூடிய அந்தக் கூட்டம் அகதிகளாகிப் பல ஊர்களுக்குச் சிதறியிருந்தது.

தேசிய அணியின் அட்டவணையும் சுருங்கியது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்குத் தகுதிபெற்றும் ஈரான் புறக்கணித்தது. 1982 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றிலிருந்து விலகியது. 1986 தகுதிச் சுற்றில், சொந்த மண்ணின் ஆட்டங்களைப் பொது இடத்தில் ஆட மறுத்ததால் வெளியேற்றப்பட்டது. ஒரு கால்பந்து வீரரின் உச்சகாலம் எட்டுப் பத்து ஆண்டுகள். மஜீதின் தலைமுறைக்கு அந்த ஆண்டுகள் முழுவதும் உலகக் கோப்பை என்ற இலக்கே இல்லாமல் கழிந்தன.

1982 நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டு நடந்தது. ஈரான் கால்பந்து அணி வந்தது. காலிறுதி வரை சென்றது. அந்த ஆண்டு மஜீத் முகமதன் ஸ்போர்ட்டிங்குக்கு மாறியிருந்தார். 1978 பட்டியலில் இருந்தவர், இந்திய மைதானங்களையும் இந்தியப் பார்வையாளரையும் மற்ற எந்த ஈரானிய வீரரையும்விட நன்கறிந்தவர், ஓர் இரவு ரயில் பயணத் தொலைவில் இருந்தார். டெல்லி வந்த அணியில் அவர் இல்லை. இந்தக் கதையில் காரணங்கள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து முட்டும் புள்ளி இது. அதற்குள் அவருடைய ஆட்டமும் தளரத் தொடங்கியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எஞ்சியிருந்த வாய்ப்பையும் ஒரு விதி மூடியது. 1980களின் முற்பகுதியில் ஈரானிய விளையாட்டு நிர்வாகம் 27 வயதைக் கடந்தோர் தேசிய அணியில் இடம்பெறக் கூடாது என்று வரம்பு விதித்தது. புரட்சிக்கு முந்தைய தலைமுறையை வழியிலிருந்து அகற்றுவதே அதன் நடைமுறைப் பயன். அதில் சிக்கியவருள் பெரும்பெயர் 1978இன் வாயிற்காவலர் நாசர் ஹெஜாஸி. உலகக் கோப்பைக்குப் பின் மான்செஸ்டர் யுனைடெட்டில் பயிற்சி ஆட்டம் வரை சென்று திரும்பியவர் அவர். வாயிற்காவலருக்கு 27 என்பது முதிர்ச்சியின் தொடக்கம். அவரும் பின்னாளில் கிழக்கு நோக்கியே வந்தார், டாக்கா முகமதனுக்கு. ஹெஜாஸிக்காவது விதி என்ற பெயரில் ஒரு கோடு கிழிக்கப்பட்டது.

இத்தனை காரணங்களையும் அடுக்கிய பிறகும் ஜம்ஷீத் நஸீரி எதிரில் நிற்கிறார். அதே ஊர், அதே அலிகர், அதே ஈஸ்ட் பெங்கால். அவருக்கும் தெஹ்ரானிலிருந்து அழைப்பு வரவில்லை. ஆனால் அவர் தளராமல் ஆடினார். இந்தியக் கால்பந்தில் 100 கோல்களைத் தொட்ட முதல் வெளிநாட்டவர் என்று கொல்கத்தாப் பத்திரிகைகள் அவரைக் குறிப்பிடுகின்றன. அங்கேயே குடும்பம் அமைத்துத் தங்கினார். அவர் மகன் கியான் நஸீரி 2022 ஜனவரியில், தந்தை புகழ்பெற்ற ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராகவே மோகன் பகான் சார்பில் மாற்று வீரராக இறங்கி மூன்று கோல் அடித்தார். ஒரே சரிவில் இருவர் விழுந்தனர். ஒருவர் விழுந்த இடத்தில் வீடு கட்டினார். தனிமனிதப் பொறுப்பை வரலாற்றின் பெயரால் கரைத்துவிட முடியாது என்பதற்கு ஜம்ஷீத் சான்று. ஆனால் ஜம்ஷீத் மஜீத் அல்ல என்பதும் உண்மை. உலகக் கோப்பைக்குச் சென்ற அணியின் இருக்கையில் அமர்ந்தவருக்கு மட்டுமே உரிய இழப்பு ஒன்று உண்டு. ஈஸ்ட் பெங்கால் ஜம்ஷீதுக்கு ஏற்றமாக அமைந்தது. மஜீதுக்கு அது இடைத்தங்கல் என்றே தோன்றியிருக்கலாம்.

பின்வந்த ஆண்டுகளை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. கொல்கத்தா அவற்றை வேண்டிய மட்டும் சொல்லியிருக்கிறது. அவர் ஆட்டத்திலிருந்து விலகினார், நாடு திரும்பினார், இங்குள்ளோர் பார்வையிலிருந்து மறைந்தார். உயிரோடு இருக்கிறாரா என்றே ஐயுற்றவர்கள் உண்டு. கொர்ரம்ஷஹர் மெல்ல மக்களால் நிறைந்தது. அவரும் அங்கேயே வாழ்ந்தார்.

2019 ஆகஸ்டில் ஈஸ்ட் பெங்கால் நூற்றாண்டு விழாவுக்கு அவரை அழைத்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளிக்குப் பின் அவர் கொல்கத்தா விமான நிலையத்தில் இறங்கியபோது, விடியாத பொழுதிலும் ரசிகர் கூட்டம் திரண்டு நின்றது. அவர்களுள் பலர் அவர் ஆட்டத்தைக் கண்டிராத வயதினர். அவர்கள் பாஸ்கர் என்றுதான் கூவினர். விழா முடிந்து அவர் ஊர் திரும்பினார்.