சேறு எந்தக் கணக்கில்?

கிரவல் எண்டதும் நமக்கு ஞாபகம் வாறது ரோட்டுக்குக் கொட்டுற மண்தான். 19ஆம் நூற்றாண்டுக் கலிபோர்னியாவில் அதுக்குள்ள தங்கம் இருந்தது. ஆதிகால ஆறுகள் விட்டுப்போன பரல்மண் மலைகளில் படிந்து கிடந்தது. 1853இல் எட்வேர்ட் மற்றெசன் என்பவர் கன்வஸ் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி அதைக் கரைத்துப் பார்த்தார். இருபது வருசத்துக்குள் அந்தக் குழாய் பீரங்கி மாதிரி ஒரு இரும்புக் குழலாகி, மலைச்சரிவுகளையே கரைக்கத் தொடங்கிவிட்டது.

இந்தத் தொழிலில் பெரிய பெயர் நோர்த் புளூம்ஃபீல்ட் கிரவல் மைனிங் கம்பனி. ஒரு கன யார் மண்ணைக் கழுவினால் கிடைக்கிற தங்கத்தின் பெறுமதி சில சதங்கள்தான். ஆகவே லாபமா நட்டமா என்பதைத் தண்ணீரே தீர்மானித்தது. மலை உச்சிப் பக்கம் போமன் அணையைக் கட்டி, அங்கிருந்து பல பத்து மைல் வாய்க்கால் வெட்டி தண்ணீரைக் கொண்டுவந்தார்கள்.

இவ்வளவு செலவழித்த தண்ணீரைக் கணக்குப் பார்க்காமல் விடுவார்களா? அதற்கென்றே 'மைனர்ஸ் இஞ்ச்' எண்டு ஒரு அளவு இருந்தது. குறித்த உயரத்துக்குத் தண்ணீர் நிற்க, ஒரு சதுர அங்குலத் துளையால் பாய்வது ஒரு இஞ்ச். அது 24 மணித்தியாலம் பாய்ந்தால் 60,000 லீற்றருக்கு மேல் வரும். வாய்க்கால் தலைப்பில் எத்தனை இஞ்ச், அகழ்விடத்துக்கு வந்து சேர்ந்தது எத்தனை இஞ்ச் என்று அளந்தார்கள். இடையில் குறைந்ததுதான் இழப்பு: மண்ணில் ஊறியது, வெயிலில் ஆவியானது, மரப்பீலிகளில் ஒழுகியது. ஒரு இஞ்ச் தண்ணீர் ஒரு நாளில் எத்தனை கன யார் மண்ணைக் கரைக்கும் என்பதும் ஏட்டில் ஏறியது.

ஆனால் கணக்கு ஒரு இடத்தில் நின்றுபோனது. கரைந்த மண்ணும் தண்ணீரும் 1874இல் முடிந்த, ஏறக்குறைய 8,000 அடி நீளச் சுரங்கவழியால் வெளியே போகும். அந்த வாசலோடு ஏடும் மூடப்பட்டுவிடும்.

தண்ணீர் அங்கே நிற்கவில்லையே. சேற்றைச் சுமந்துகொண்டு யூபா ஆற்றில் இறங்கியது. ஆற்றுப்படுகை வருசா வருசம் உயர்ந்தது. கீழே சமவெளியில் தோட்டங்கள் மண்ணுக்குள் புதைந்தன. மேரிஸ்வில் நகரம் அணைக்கட்டுகளை உயர்த்தி உயர்த்திப் பார்த்தது. 1875 ஜனவரியில் வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. தங்கத்தைப் பிடிக்கப் போட்ட பாதரசமும் சேற்றோடு போனது. கம்பனிக்கு அது திரும்ப வாங்கவேண்டிய ஒரு பொருள். ஆற்றுக்கு அது நஞ்சு. இன்றைக்கும் அந்தப் பக்க நீர்நிலைகளின் மீனில் பாதரசம் இருக்கிறது.

1882இல் மேரிஸ்வில்லில் சொத்து வைத்திருந்த எட்வேர்ட்ஸ் வூட்றஃப் வழக்குப் போட்டார். இந்த மாதிரி வழக்குகளில் சுரங்கக்காரர் வழமையாகச் சொன்ன பதிலைப் பாருங்கோ: பல சுரங்கங்களின் சேறு ஆற்றில் ஒன்றாகக் கலந்துவிட்டது, எது யாருடையது என்று எப்படிப் பிரிப்பது? எத்தனை இஞ்ச் தண்ணீர் பாய்ச்சினோம், எத்தனை கன யார் மண் கரைத்தோம் எண்டு ஏடு ஏடாக எழுதி வைத்தவர்கள் கேட்ட கேள்வி இது!

நீதிபதி லோரன்ஸோ சோயர், தானும் 1850இல் கலிபோர்னியாவுக்கு வந்து சிறிது காலம் தங்கம் தோண்டியவர். சுரங்கங்களைச் சேர்த்தே வழக்காடலாம் என்றார். 1884 ஜனவரி 7இல், சேற்றை ஆறுகளில் விடுவதற்கு நிரந்தரத் தடை விதித்தார். தண்ணீரால் மலை கரைப்பதை அவர் தடுக்கவில்லை. சேற்றின் பொறுப்பையும் ஏற்றுக்கொள் என்றுதான் சொன்னார். அதை ஏற்றால் தொழில் கட்டாது. பெரிய சுரங்கங்கள் மெல்ல மெல்லப் படுத்துவிட்டன.

விடுபட்ட அந்தப் பக்கத்தைக் கடைசியில் எழுதியவர் புவியியலாளர் குரோவ் கார்ல் கில்பேர்ட். 1917இல் வெளிவந்த அவருடைய அறிக்கை, மலையிலிருந்து இறங்கிய மண்ணை 100 கோடி கன யாருக்கு மேல் என்று மதிப்பிட்டது. அதன் ஒரு பங்கு சான்பிரான்சிஸ்கோ குடா வரைக்கும் போயிருந்தது.

ஆக, சேற்றை அளக்க முடியாமல் இருக்கவில்லை. இழப்பு என்ற சொல்லுக்கு அந்த ஏட்டில் 'எங்கட இழப்பு' என்ற ஒரே அர்த்தம்தான் இருந்தது. இன்றைக்கும் எந்தச் சுரங்கத்தின் நீர்க்கணக்கு கையில் கிடைத்தாலும், கூட்டல் கழித்தல் சரியா என்று பார்க்க முதல், கணக்கு எந்த வாசலில் முடிகிறது என்று பார்க்கவேண்டும். வாசலுக்கு அங்காலும் ஊர் இருக்கும்.